அணைந்த கீபோர்டு: திருப்பூரும் விண்டோஸ் 7-உம்

2016 ஆயுத பூஜைக்கு மறுவாரம், திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அப்போது ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்கு இருந்தேன். கழற்றிப் பார்த்ததில் மதர்போர்டு போயிருந்தது. அந்தத் தலைமுறை போர்டு புதிதாகக் கிடைக்காது, பழையது கிடைத்தாலும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. புது சிஸ்டமே போட்டுக்கொள்வது என்று முடிவானது. ஓனர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அதே செவன்தாங்க தம்பி வேணும். நம்ம டிசைன் சாஃப்ட்வேரு அதுல மட்டுந்தான் ஓடுமுங்க."

ஆறாம் தலைமுறை ஐ3, அதற்கேற்ற போர்டு, எல்லாம் புத்தம் புதுசு. விண்டோஸ் 7 இருந்த பென்டிரைவைச் செருகி ஆன் செய்தேன். நான்கு வண்ணப் புள்ளிகள் சுழன்று வந்து கொடியாகச் சேர்ந்தன. மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும் பெட்டி வந்தது. மவுஸை நகர்த்தினேன். அம்பு நடுத்திரையில் அப்படியே நின்றது. கீபோர்டைத் தட்டினால் நம்லாக் விளக்குகூட எரியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இதே கீபோர்டில்தான் பூட் மெனுவைத் திறந்து பென்டிரைவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினேன். வேறு கீபோர்டு, வேறு மவுஸ், வேறு பென்டிரைவ் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கடைக்குப் போய் மூலையில் கிடந்த உருண்டை முனை பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். அது வேலை செய்தது. என்டர் தட்டினேன். சிடி/டிவிடி டிரைவுக்குத் தேவையான டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி வந்து நின்றது.

அந்த கம்ப்யூட்டரில் சிடி டிரைவே கிடையாது.

"டிரைவர் இல்லீனு சொல்லுதுங்ணா."

"புது வண்டிதானுங்க? டிரைவரு இல்லாமயா குடுத்தாங்க?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பக்கத்து ஹாலில் 20 ஹெட் மெஷின் பழைய டிசைனை ஓட்டிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் அடுத்த டிசைன் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் போக வேண்டும். வெட்டிய முன்பக்கத் துண்டுகள் பண்டல் பண்டலாக வாசலில் அடுக்கியிருந்தன. திருப்பூரில் ஒரு டீஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஊர் முழுக்கச் சுற்றி வரும். ஒரு இடத்தில் நின்றால் அதற்கடுத்த அத்தனை இடத்திலும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த ராத்திரி பத்துப் பேர் வேலை ஒரு கீபோர்டு விளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் அணைந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதற்கான காரணம் இருபது வருஷம் பின்னால் போகிறது.

*

கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் ஒரு காலத்தில் விதவிதமான துளைகளால் நிறைந்திருந்தது. கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, பிரின்டருக்கு நீளமான பேரலல் போர்ட், மோடத்துக்கு சீரியல் போர்ட். இவை எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே துளை என்ற யோசனைதான் யூஎஸ்பி. 1996 ஜனவரியில் அதன் முதல் வரையறை வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அந்த வேலையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

வெளியே துளை ஒன்றுதான். உள்ளே அப்படி இல்லை. துளைக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது, கன்ட்ரோலர் என்பார்கள். கீபோர்டு அனுப்புவதை வாங்கி நினைவகத்தில் கொண்டுவந்து வைப்பது அதன் வேலை. அந்தச் சில்லோடு எப்படிப் பேச வேண்டும் என்பது விண்டோஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுமொழியைச் சொல்லித்தரும் சிறிய நிரல்தான் டிரைவர். முதல் யூஎஸ்பிக்கே இரண்டு பேச்சுமொழிகள் இருந்தன. இன்டெல் தரப்பில் யூஎச்சிஐ, காம்பாக்கும் மைக்ரோசாஃப்ட்டும் நேஷனல் செமிகண்டக்டரும் சேர்ந்து ஓஎச்சிஐ. 2000 ஏப்ரலில் யூஎஸ்பி 2.0 வந்தபோது அதன் வேகத்துக்கென்று ஈஎச்சிஐ வந்தது. 2008 நவம்பரில் யூஎஸ்பி 3.0 வெளியானது. அதற்கான கன்ட்ரோலருக்கு எக்ஸ்எச்சிஐ என்று பெயர்.

இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். எக்ஸ்எச்சிஐ முன்னதன் மேல் கட்டிய மாடி அல்ல. பழைய மெதுவான கீபோர்டு முதல் புதிய வேகமான ஹார்டுடிஸ்க் வரை எல்லாவற்றையும் தானே கவனித்துக்கொள்ளும் புதிய அமைப்பு. பழைய மொழி மட்டும் தெரிந்தவருக்கு அங்கே ஒரு வார்த்தையும் புரியாது.

விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபர் 22. திருப்பூர் தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். யூஎஸ்பி 3.0 பிறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தாலும் சந்தையில் அதற்கான சாதனங்கள் அநேகமாக இல்லை. அதனால் விண்டோஸ் 7-க்குள் எக்ஸ்எச்சிஐ டிரைவர் வைக்கப்படவில்லை. 2011-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கிலும் இல்லை. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல்தான் அது உள்ளேயே வந்தது.

இடைப்பட்ட ஆறு வருஷம் யாருக்கும் இது தெரியவில்லை. காரணம், மதர்போர்டுகளில் இரண்டும் இருந்தன. நீல நிறத் துளைகள் எக்ஸ்எச்சிஐ, கறுப்புத் துளைகள் ஈஎச்சிஐ. கறுப்பில் கீபோர்டைச் செருகி விண்டோஸைப் போட்டுவிட்டுப் பிறகு நீலத்துக்கு டிரைவர் போட்டுக்கொள்வோம். 2015 ஆகஸ்டில் இன்டெல் ஸ்கைலேக் என்ற ஆறாம் தலைமுறை பிராசஸரைக் கொண்டுவந்தது. அதன் கூடவே வந்த 100 வரிசை சிப்செட்டிலிருந்து ஈஎச்சிஐ எடுக்கப்பட்டது. பொறியியல் கணக்கில் அது சரியான முடிவுதான். எல்லா வேகத்தையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும்போது இன்னொன்று எதற்கு? கறுப்புத் துளைகளும் இப்போது எக்ஸ்எச்சிஐ பின்னால்தான் இருந்தன. பார்வைக்கு மட்டும் எதுவும் மாறவில்லை.

இப்போது அந்த ராத்திரிக்குத் திரும்பலாம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுவது பயாஸ். போர்டு செய்தவர்கள் எழுதியது என்பதால் அதற்கு எக்ஸ்எச்சிஐ தெரியும். அதனால்தான் பூட் மெனுவில் கீபோர்டு வேலை செய்தது. பென்டிரைவிலிருந்து பூட் விம் என்ற கோப்பை எடுத்து முழுசாக ராமில் வைத்ததும் பயாஸ் உதவியோடுதான். அதற்குப் பிறகு விண்டோஸ் கெர்னல் எழுந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. பயாஸ் விலகிக்கொள்கிறது. கெர்னல் சுற்றிப் பார்க்கிறது: யூஎஸ்பி என்று எதுவுமே அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை, தான் எந்தப் பென்டிரைவிலிருந்து வந்ததோ அந்தப் பென்டிரைவும் இல்லை. மீதிக் கோப்புகளை எங்கே தேடுவது? 2009-இல் விண்டோஸ் டிவிடியில் வருவதுதான் வழக்கம் என்பதால், சிடி/டிவிடி டிரைவரைக் காணோம் என்று புகார் சொல்கிறது. பொய் சொல்லவில்லை. தான் அறிந்த உலகத்தை வைத்துப் பேசுகிறது.

*

அப்படியென்ன விண்டோஸ் 7 மேல் பிடிவாதம் என்று கேட்கலாம். விண்டோஸ் 10 அப்போது வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரோடு பிணைந்த மெஷின்கள் வந்தது கடைசி இருபத்தைந்து வருஷக் கதை. இரண்டு தேதிகளை இங்கே சொல்ல வேண்டும். 1999 ஏப்ரலில் மத்திய அரசு தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தை ஆரம்பித்தது. டஃப் திட்டம் என்று ஊரில் சொல்வார்கள். நவீன மெஷின் வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகை. அடுத்தது 2005 ஜனவரி 1. அன்றோடு சர்வதேச ஜவுளி வர்த்தகத்தில் நாடுகளுக்கு இருந்த கோட்டா முறை முடிந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றானதும் மெஷின்கள் வந்து இறங்கின. ஜப்பான் எம்பிராய்டரி மெஷின்கள், காலர் பின்னும் கம்ப்யூட்டர் மெஷின்கள், பேட்டர்ன் போடும் கேட் மென்பொருள்கள், டையிங் லேபில் நிறம் அளக்கும் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதில் அந்த வருஷத்து விண்டோஸ்.

மெஷின் இருபது வருஷம் ஓடும். எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, பெல்ட் மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆயுசு ஐந்தாறு வருஷம். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டில் அதுவும் குறைந்தது. ஆயுள் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துக் கட்டியதில்தான் பிரச்சினையே.

எம்பிராய்டரியில் டிசைன் தயாரிப்பதற்கு பஞ்சிங் என்று பெயர். இன்றைக்கும் அந்த வேலை தெரிந்தவர் பஞ்சிங் மாஸ்டர்தான். திரையில் மவுஸால் தையல் போடுபவருக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், ஒரு காலத்தில் மெஷினுக்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுத்தான் கொடுத்தார்கள். நாடா போய் ஃபிளாப்பி வந்தது, ஃபிளாப்பி போய் பென்டிரைவ் வந்தது. பல மெஷின்களில் ஃபிளாப்பி இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு பெட்டி பொருத்தினார்கள். வெளியே பென்டிரைவ் துளை இருக்கும், உள்ளே மெஷின் இன்னும் ஃபிளாப்பியைத்தான் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பழசையும் புதுசையும் பேச வைக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல.

பஞ்சிங் மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் உண்டு. கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும், காசு கொடுத்து வாங்கியதற்கு அதுதான் அத்தாட்சி. அந்த டாங்கிளுக்கும் ஒரு டிரைவர் வேண்டும். பழைய பதிப்புகளின் டாங்கிள் டிரைவர் விண்டோஸ் 10-இல் ஏறாது. புதுப் பதிப்பு வாங்குவதென்றால் கம்ப்யூட்டர் விலையைப் போலப் பல மடங்கு. அந்த யூனிட்டில் பத்து வருஷ டிசைன்கள் அந்தப் பழைய பதிப்பில்தான் இருந்தன. பையர் ரிபீட் ஆர்டர் கொடுத்தால் அதே தையல், அதே அடர்த்தி வேண்டும். ஓனர் பிடிவாதம் பிடிக்கவில்லை, கணக்குப் பார்த்தார்.

இதே போன்ற ஒன்று முன்பும் நடந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-இல். அதற்கு சாட்டா ஹார்டுடிஸ்கின் புதிய ஏஎச்சிஐ முறை தெரியாது. 2007, 2008-இல் வந்த லேப்டாப்புகளில் எக்ஸ்பி போடப்போனால் ஹார்டுடிஸ்க்கே இல்லை என்று சொல்லும். ஆரம்பத்தில் எஃப்6 தட்டினால் டிரைவர் கேட்கும். ஆனால் அதை ஃபிளாப்பியில்தான் கேட்கும். லேப்டாப்பில் ஃபிளாப்பி ஏது? அதனால் என்லைட் என்ற இலவச மென்பொருளை வைத்து எக்ஸ்பி சிடிக்குள்ளேயே டிரைவரைச் சேர்த்து புதுசாக சிடி எழுதினார்கள். எங்கள் கடையில் சீனியர் அண்ணன் அப்படி எழுதிய சிடிகளை மார்க்கரில் பெயர் போட்டு உறைக்குள் வைத்திருந்தார். மறுநாள் காலையில் நான் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எக்ஸ்பி கதைதாண்டா இது. உள்ள ஏத்தணும்" என்றார்.

*

உள்ளே ஏற்றுவது என்றால் என்ன? விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இன்ஸ்டால் கோப்புகள் விம் என்ற வடிவத்தில் வருகின்றன. ஒரு முழு விண்டோஸை மடித்துக் கட்டிய மூட்டை மாதிரி. பென்டிரைவில் சோர்சஸ் என்ற ஃபோல்டரில் அப்படி இரண்டு மூட்டைகள் இருக்கும். பூட் விம் என்பது இன்ஸ்டால் செய்துதரும் சின்ன விண்டோஸ். இன்ஸ்டால் விம் என்பது ஹார்டுடிஸ்கில் போய் உட்காரப்போகும் நிஜ விண்டோஸ். விண்டோஸ் 7 கூடவே வந்த டிஸ்ம் என்ற கருவியால் அந்த மூட்டையை ஒரு காலி ஃபோல்டரில் பிரித்து, டிரைவரை உள்ளே வைத்து, திரும்ப மூட்டையாகக் கட்டலாம். கறுப்புத் திரையில் மூன்று கட்டளைகள். பிரி, சேர், கட்டு.

கேட்க எளிது. செய்தபோது நாங்கள் தவறாதது ஒன்றும் இல்லை.

பூட் விம்முக்குள்ளேயே இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது வெறும் அடித்தளம், இரண்டாவதுதான் நாம் பார்க்கும் செட்டப். முதலாவதில் மட்டும் ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகு இரண்டாவதிலும் ஏற்றினோம். கீபோர்டு எரிந்தது. கை தட்டாத குறை. கோப்புகள் எல்லாம் ஏறி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பயனர் பெயர் கேட்கும் திரை வந்தது. கீபோர்டு மறுபடி செத்தது. இன்ஸ்டால் விம்மில் ஏற்றவில்லை. அதற்குள் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், புரொஃபஷனல், அல்டிமேட் என்று பல பதிப்புகள் இருந்தன. எதைப் போடப்போகிறோமோ அதற்குள் ஏற்ற வேண்டும். எல்லாவற்றிலும் ஏற்றி வைத்தால் நல்லது. 32 பிட்டுக்கு அதற்கான டிரைவர், 64 பிட்டுக்கு அதற்கானது. 64 பிட்டில் கையெழுத்திடாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. கையெழுத்திலும் புது வகை வந்தபோது, அதை அடையாளம் காண விண்டோஸ் 7-க்கு 2015-இல் வந்த ஓர் அப்டேட் வேண்டியிருந்தது. அதுவும் உள்ளே போக வேண்டும். என்விஎம்இ ஹார்டுடிஸ்க் வந்தபோது அதற்கொரு ஹாட்ஃபிக்ஸ். மூட்டை பெருத்துக்கொண்டே போனது.

போர்டு கம்பெனிகளுக்கும் இது தெரிந்தே இருந்தது. இன்டெல் ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டது. பென்டிரைவைக் காட்டினால் தானே டிரைவரை ஏற்றிவிடும். ஜிகாபைட், ஏஸ்ராக், எம்எஸ்ஐ, ஏசுஸ் எல்லாம் ஆளுக்கொன்று தந்தார்கள். சில போர்டுகளின் பயாஸிலேயே விண்டோஸ் 7 இன்ஸ்டாலேஷன் என்று ஒரு தேர்வு இருந்தது. அதை ஆன் செய்தால் யூஎஸ்பி கீபோர்டைப் பழைய பிஎஸ்/2 கீபோர்டு போலக் காட்டும். பழைய பிஎஸ்/2 துளையும் மலிவு போர்டுகளில் விடாமல் இருந்தது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்த உருண்டைத் துளை முப்பது வருஷம் கழித்து திருப்பூரில் எங்கள் மானத்தைக் காத்தது. சிலர் இந்த வம்பே வேண்டாம் என்று, பழைய கம்ப்யூட்டரில் ஹார்டுடிஸ்கை மாட்டி விண்டோஸைப் போட்டு, புது டிரைவரையும் அங்கேயே ஏற்றி, கழற்றி வந்து புதுசில் மாட்டுவார்கள். அழகான வேலை அல்ல. ஆனால் ஓடும்.

எங்களிடம் கடைசியில் சரியாக வந்த அந்தப் பென்டிரைவ் பெயர் பெற்றுவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் வந்து காப்பி எடுத்துப்போனார். அவரிடமிருந்து பல்லடம் போனது, அவிநாசி போனது. யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்று தெரியாமல் மாறிக்கொண்டே போனது. ஒருமுறை எங்களுக்கே திரும்பி வந்தது. உள்ளே எங்களுக்குத் தெரியாத நாலு மென்பொருளும், முகப்பில் யாரோ ஒருவர் கடையின் போன் நம்பரும் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. பல யூனிட்களில் பஞ்சிங் மென்பொருளுக்குக் காசு கொடுத்திருந்தார்கள், விண்டோஸுக்குக் கொடுத்ததில்லை. நாங்கள் போட்டுத் தந்தது அல்டிமேட், அதற்கு ஒரு லோடர். லோடர் போட்ட கையோடு செய்யும் அடுத்த வேலை அப்டேட்டை நிறுத்துவது. இல்லாவிட்டால் திரை கறுப்பாகி அசல் இல்லை என்று எழுத்து வந்துவிடும், ஓனரிடமிருந்து போன் வந்துவிடும். அப்டேட்டை நிறுத்துவதை ஏதோ கதவைச் சாத்துவது போல நினைத்துக்கொண்டிருந்தோம்.

*

2017-ஐ நான் மாத வாரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் இன்டெலின் ஏழாம் தலைமுறை கேபி லேக் கடைகளுக்கு வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2016 ஜனவரியில், இனி வரும் பிராசஸர்களுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஏழாம் தலைமுறையின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தரவில்லை. யூஎஸ்பியை ஏற்றி முடித்தால் திரை சதுரமாக வீங்கி நின்றது. தனி கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டுச் சமாளித்தோம்.

மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. ஏப்ரலில், ஏழாம் தலைமுறை பிராசஸரும் ஏஎம்டி ரைசனும் உள்ள கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7 அப்டேட் தேடுவதையே தடுக்கத் தொடங்கியது. உங்கள் பிராசஸர் புதிய விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சொல்லியிருந்த காலம் அது. காசு கொடுத்து வாங்கிய அசல் பிரதிக்கும் இதே பெட்டிதான் வந்தது. அதுவரை அப்டேட்டை விட்டுவைத்திருந்த ஓரிருவரும் பெட்டியைப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள்.

அதே ஏப்ரல் 14-இல், அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ உருவாக்கியதாக நம்பப்படும், அந்த ஓட்டைக்குள் நுழையும் கருவி பொதுவெளியில் கசிந்தது. மே 12-இல் அதை வைத்து வான்னாகிரை பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எக்ஸ்பி பழசு, அதனால் வந்த வினை என்று முதலில் எல்லோரும் பேசினார்கள். கேஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கெடுத்தபோது பாதிக்கப்பட்டதில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7.

அடைப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம்.

அந்த வாரம் நானும் சீனியர் அண்ணனும் பென்டிரைவில் அந்த ஒரே ஒரு அப்டேட்டை எடுத்துக்கொண்டு யூனிட் யூனிட்டாகப் போனோம். முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குவோம், பிறகு அப்டேட்டைப் போடுவோம். நாங்கள் போட்ட சிஸ்டங்களில் எதுவும் பூட்டப்படவில்லை. அது எங்கள் திறமை அல்ல. பெரும்பாலான பஞ்சிங் கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட்டே கிடையாது. அவ்வளவுதான். பி.என். ரோட்டு ஓனர் நாங்கள் வயரைப் பிடுங்குவதைப் பார்த்து, "இதைய நீங்க போடும்போதே போட்டிருக்கலாமில்லீங்க தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. எம்பிராய்டரி போன்ற ஜாப் ஒர்க்குக்கு எத்தனை சதவீதம் என்று ஊர் முழுக்கக் குழப்பம். ஆகஸ்டில்தான் ஆடைகளின் ஜாப் ஒர்க்குக்கும் 5 சதவீதம் என்று முடிவானது. அதுவரை கையால் பில் எழுதியவர்கள் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மாசாமாசம் ரிட்டர்ன் போட இன்டர்நெட் வேண்டும். தனியே இன்னொரு கம்ப்யூட்டர் எதற்கு என்று, பஞ்சிங் செய்யும் அதே கம்ப்யூட்டரில் வயரைத் திரும்பச் செருகச் சொன்னார்கள். மே மாதம் பிடுங்கிய வயரை ஜூலையில் நானே செருகினேன்.

இதைத் திருப்பூரின் அரைகுறை வேலை என்று சிரிக்கலாம். அடுத்த வருஷம், 2018 ஆகஸ்டில், உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பாளர்களில் ஒன்றான தைவானின் டிஎஸ்எம்சி தொழிற்சாலைகள் நின்றன. புதிய மெஷின் ஒன்றில் மென்பொருள் போடும்போது வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். அது வான்னாகிரையின் ஒரு வகை. பரவியது அப்டேட் செய்யாத விண்டோஸ் 7 ஓடிய மெஷின்களில். ஆப்பிளுக்கு சிப் செய்து தருபவர்களிடமும் மெஷினுக்கு ஓர் ஆயுள், அதன் கம்ப்யூட்டருக்கு வேறோர் ஆயுள்.

*

மைக்ரோசாஃப்ட் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் விண்டோஸ் 7-ஐ நிறுத்தியதில் இல்லை. எதையும் ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். 2016 மே மாதத்தில் அவர்கள் ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டார்கள். சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு வந்த அப்டேட்டுகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டியது. புதிதாக விண்டோஸ் 7 போடுபவர்களுக்கு வசதி என்று சொல்லித்தான் தந்தார்கள். ஸ்கைலேக் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது, கீபோர்டு சாவது உலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. விண்டோஸ் 8-க்கு அவர்களே எழுதிய எக்ஸ்எச்சிஐ டிரைவர் கையில் இருந்தது. அதை விண்டோஸ் 7-க்கு மாற்றித் தருவது சும்மா நடந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தொகுப்பில் யூஎஸ்பி 3.0 இல்லை. அசலாக வாங்கியவரும் மூட்டையைப் பிரித்துக் கட்டத்தான் வேண்டியிருந்தது. முகம் தெரியாத யாரோ கட்டிய மூட்டையை நம்பிப் போடும் பழக்கம் அங்கேதான் வேர்பிடித்தது என்று நினைக்கிறேன். எங்கள் பென்டிரைவையும் அப்படித்தானே போட்டார்கள்?

விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. காசு கட்டிய நிறுவனங்களுக்குத் தந்த நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. இதற்கிடையில் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இல்லை. 2016-இல் விண்டோஸ் 7-க்கு அளவுக்கு மீறிப் புதுசாக இருந்த அதே ஐ3, ஐந்து வருஷத்தில் விண்டோஸ் 11-க்கு அளவுக்கு மீறிப் பழசு. இந்த இரண்டுக்கும் நடுவில் அதற்குப் பொருந்தி இருந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது. இப்போது சர்வீஸ் கடைகளில் விண்டோஸ் 11 பென்டிரைவிலிருந்து அந்தச் சோதனைகளை எடுத்துவிட்டுப் போடுகிறார்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் அதற்கு ஒரு டிக் அடித்தால் போதும். நாங்கள் அன்று உள்ளே ஏற்றினோம், இவர்கள் உள்ளிருந்து எடுக்கிறார்கள்.

நான் அந்த வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்கு முன்னால் பி.என். ரோட்டுப் பக்கம் போனபோது அந்த யூனிட்டில் எட்டிப் பார்த்தேன். 20 ஹெட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பில் போடுவதற்குத் தனியாக ஒரு லேப்டாப் வந்திருந்தது. பழைய மேஜையில் அதே ஐ3, அதே விண்டோஸ் 7, பின்னால் டாங்கிள். நெட்வொர்க் துளையில் யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். ஓனர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். நூல்கண்டு, உடைந்த ஊசி டப்பா எல்லாவற்றுக்கும் அடியில் நான் அன்றைக்குக் கொண்டுவந்த பிஎஸ்/2 கீபோர்டு இருந்தது.

"திருப்பிக் குடுக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. அப்பறம் இந்தக் கம்ப்யூட்டரு போச்சுன்னா வேணுமேன்னு வெச்சுட்டேன்."